மடியில் கனமில்லாமல் மதுரை

மதுரைக்குப் போகிறோம் என்று சொன்னால் எங்கள் தெருவில் முதலில் கேட்பது, "கார் சொல்லிட்டீங்களா?" அடுத்தது, "எந்த ஓட்டலுங்க?" பிறகு யாராவது ஒருவர் நிச்சயம் சொல்வார்: "ஒரு நாள் போதுமுங்க. கோயிலு, மகாலு, ஒரு ஜிகர்தண்டா. வேற என்ன இருக்குது அங்க?"

கோவையிலிருந்து காரில் போய், நல்ல ஓட்டலில் தங்கி, அந்த மூன்றையும் முடித்துத் திரும்ப ஒரு குடும்பத்துக்கு ஆகிற செலவில் நானும் சித்தியும் மதுரையில் ஒரு வாரம் இருந்துவிடுவோம். தலைக்கு ஒரு நாளைக்கு ஆயிரம் ரூபாய் என்பது எங்கள் கணக்கு. ரூம், சாப்பாடு, பஸ், பூ, அர்ச்சனைத் தட்டு எல்லாம் அதற்குள். அதிலும் பல நாள் மிச்சம் விழும். சிக்கனத்தைப் பெருமையாகக் காட்டிக்கொள்ள இதைச் சொல்லவில்லை. மதுரையைப் பொறுத்தவரை கையில் காசு குறைவாக இருப்பவர்தான் ஊரை அதிகம் பார்க்கிறார் என்று உறுதியாக நம்புகிறேன். அந்த ஊரின் பழமையில் பெரும்பங்கு தேர் ஓடுகிற வீதியிலும், ஜவுளிக்கடைச் சந்திலும், ஐயனார் கோயிலுக்குப் பின்னால் ஏறும் பாறையிலும் கிடக்கிறது. ஊர்க்காரர்கள் இன்றும் அங்கேதான் புழங்குகிறார்கள். புழங்குகிற இடத்தில் யாரும் டிக்கெட் கிழிப்பதில்லை.

தங்குவதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கோவையில் சிங்காநல்லூரில் பஸ் ஏறினால் ஆரப்பாளையத்தில் இறங்கலாம். ரயிலில் வருகிறவர்களுக்கு இன்னும் சௌகரியம். ஜங்ஷனை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே டவுன் ஹால் ரோடு, கொஞ்சம் தள்ளி மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி. அந்த வட்டாரம் முழுக்க லாட்ஜுகள்தான். நேரில் போய் ரூமைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஜன்னல் இருக்கிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். சித்தி இதில் கெட்டிக்காரர், படுக்கை விரிப்பைத் தூக்கிப் பார்க்காமல் பையைக் கீழே வைக்கமாட்டார். ஏ.சி. வேண்டாம் என்றால் வாடகை சட்டென்று இறங்கும். மார்கழி, தையில் அது தேவையும் இல்லை. அண்ணா நகர், கே.கே. நகர்ப் பக்கம் இதைவிட விசாலமான ரூம் கிடைக்கலாம். ஆனால் காலையிலும் இரவிலும் கோயில் பக்கம் வந்துபோக ஆட்டோவுக்குக் கொடுக்கிற காசில் அந்தச் சுகம் கரைந்துவிடும். கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில் ரூம் இருக்கட்டும். சித்திரைத் திருவிழா நாட்களில் மட்டும் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. அப்போது போவதென்றால் சொந்தக்காரர் வீடுதான் ஒரே வழி.

பெண்களுக்கு இன்னொரு பெரிய சலுகை இருக்கிறது. 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கண்டக்டர் காசில்லாத டிக்கெட் ஒன்றைக் கிழித்துக் கையில் கொடுப்பார். மதுரையைச் சுற்றியுள்ள பழைய இடங்கள் பெரும்பாலும் டவுன் பஸ் போகிற தூரத்தில்தான் இருக்கின்றன. பெரியார் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நின்றால் திருப்பரங்குன்றம், கீழக்குயில்குடி, தெப்பக்குளம் எல்லாம் எங்களுக்குச் செலவே இல்லாத ஊர்கள். இந்தத் திட்டத்தைப் பற்றி யார் என்ன சொன்னாலும், சித்தி போன்ற ஒருவர் யாரிடமும் காசு கேட்காமல் "வா கண்ணு, இன்னிக்கு அந்த மலைக்குப் போயிட்டு வரலாம்" என்று கிளம்புவதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். அதன் அருமை எனக்குத் தெரியும்.

மதுரையில் நான் நடக்கத் தொடங்குவது விடிகிற நேரத்தில். கோயிலை நடுவில் வைத்துச் சதுரம் சதுரமாக விரிகிற ஊர் அது. மதிலுக்கு உள்ளே ஆடி வீதி, வெளியே சித்திரை வீதி, அதைச் சுற்றி ஆவணி மூல வீதி, அதற்கும் வெளியே மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. பதினாறாம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் காலத்தில் இப்படி ஒழுங்குக்கு வந்தது. எல்லோரும் நேராகக் கோபுரத்தடிக்குப் போவார்கள். நாங்கள் வெளியிலிருந்து உள்ளே போவோம், ஒவ்வொரு சதுரமாக.

வெளி வீதிகளும் அவற்றை ஒட்டிய தெருக்களும் இருக்கிற இடத்தில் ஒரு காலத்தில் கோட்டை மதிலும் அகழியும் இருந்தன. 1840களில் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் அதை இடித்துத் தூர்க்க முடிவு செய்தார். ஊருக்குள் இடம் போதவில்லை, அகழியில் தேங்கிய தண்ணீரால் நோய் வேறு. இடித்துச் சமன் செய்கிறவர்களுக்கு அந்த நிலத்திலேயே பங்கு என்று ஏற்பாடு செய்து, ஊர்க்காரர்களைக் கொண்டே வேலையை முடித்தார். அளவை வேலை பார்த்த மாரட் பெயரிலும், ஆட்களை வைத்து வேலை வாங்கிய மேஸ்திரி பெருமாள் பெயரிலும் தெருக்கள் வந்தன. மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியில் ரூம் எடுத்தவர்கள் படுத்துத் தூங்குவதே பழைய கோட்டையின் விளிம்பில்தான். பாண்டியரும் நாயக்கரும் ஆண்ட ஊரில் ஒரு மேஸ்திரியின் பெயரை இன்றும் ஆட்டோக்காரர் நாள்தோறும் சொல்கிறார் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். பிளாக்பர்னுக்கு ஊரார் எழுப்பிய விளக்குத்தூண் ஜவுளிக்கடைகளுக்கு நடுவில் நிற்கிறது. பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் கோட்டையின் மிச்சம் கொஞ்சம் இருக்கிறது. அதைத் தாண்டி தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் பஸ் பிடிக்க ஓடுகிறார்கள். நின்று பார்க்க ஐந்து நிமிஷம் போதும்.

அடுத்த சதுரம் மாசி வீதிகள். சித்திரைத் தேர் ஓடுவது இங்கேதான். மாசியில் நடந்துவந்த திருவிழாவைச் சித்திரைக்கு மாற்றி, அழகர் ஆற்றில் இறங்குவதோடு சேர்த்து வைத்தவர் திருமலை நாயக்கர் என்று சொல்வார்கள். மேலமாசி வீதியில் 251ஆம் எண் வீட்டைத் தேடிப் போங்கள். 1921 செப்டம்பரில் காந்தி தங்கிய வீடு அது. மதுரைக்கு வரும் வழியில் ரயிலில் பார்த்தவர்களிடம் ஏன் கதர் உடுத்தவில்லை என்று கேட்டபோது, கதர் வாங்க எங்களிடம் வசதி இல்லையே என்று அவர்கள் சொன்னார்கள். அந்தப் பதில் அவரை உலுக்கியது. 22ஆம் தேதி காலை தொப்பியையும் சட்டையையும் முழு வேட்டியையும் விட்டு, முழங்கால் அளவுத் துணியோடு அந்த வீட்டிலிருந்து வெளியே வந்தார். கடைசி வரை அதுதான் அவர் உடை. இப்போது கீழே கதர்க்கடை, மேலே நினைவிடம். அந்த வழியாக வாரா வாரம் ஜவுளி எடுக்கப் போகிறவர்களில்கூடப் பலர் படியேறிப் பார்த்ததில்லை.

ஆவணி மூல வீதியைச் சீக்கிரம் கடந்துவிடுவோம், அந்த நேரத்தில் நகைக்கடைகள் திறந்திருக்காது. சித்திரை வீதிக்கு வந்தால் நடை தானாக மெதுவாகிவிடும். வண்டி வாகனம் கிடையாது. கீழைக் கோபுரம் பதின்மூன்றாம் நூற்றாண்டில் மாறவர்மன் சுந்தர பாண்டியன் காலத்தில் எழுந்தது, நான்கில் மூத்தது. தெற்குக் கோபுரம் 160 அடிக்கும் மேல். அதன் ஓரக்கோடு மட்டும் உள்ளே வளைந்து ஏறும். நான்கையும் ஒரே சுற்றில், ஒரே வெளிச்சத்தில் பார்க்கலாம். அந்நேரத்தில் வாக்கிங் போகிற மாமாக்கள், பூக்கூடையை இறக்குகிற அக்காக்கள், சுவரோரம் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற பெரியவர்கள் என்று ஊரே அங்கே இருக்கும். கிழக்கே புதுமண்டபம். நீண்ட காலம் தையல்காரர்களும் பாத்திரக் கடைகளும் புத்தகக் கடைகளும் அதற்குள் இருந்தன. அவர்களைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். தூண்களுக்கு அது நல்லது. ஆனால் தூணுக்குத் தூண் மிஷின் ஓடிய சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த மண்டபம் இனி வேறு ஒன்றுதான். அதற்கு எதிரே திருமலை நாயக்கர் தொடங்கி முடிக்காமல் நின்றுபோன ராயகோபுரம். அடிப்பகுதி மட்டும்தான், சுற்றிலும் கடைகள். அந்த நிலைக்கல்லின் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால், முடிந்திருந்தால் எவ்வளவு உயரம் போயிருக்கும் என்று மனம் தானாகக் கணக்குப் போடும்.

கோயிலுக்குள் பொது வரிசையில் போங்கள். சிறப்பு தரிசனத்துக்கு டிக்கெட் உண்டுதான். அவசரமாகத் திரும்ப வேண்டியவர்களுக்கு அது உதவும். நமக்கு அவசரம் இல்லை. அதுவுமில்லாமல், பொது வரிசையில் நின்றால்தான் கிளிக்கூண்டு மண்டபத்தையும் ஊஞ்சல் மண்டபத்தையும் நிதானமாகப் பார்க்கக் கிடைக்கிறது. ஊஞ்சல் மண்டபத்தின் விதானத்தில் ராணி மங்கம்மாள் காலத்து ஓவியம் இருக்கிறது. மீனாட்சி கல்யாணம், அதன் பக்கத்தில் செங்கோல் வாங்குகிற ராணி. தலையைத் தூக்காமல் நகர்கிற வரிசையில் எத்தனை பேர் அதன் அடியில் கடந்து போகிறார்கள்! ஆடி வீதிக்கு வந்தால் வடக்கே மொட்டைக் கோபுரத்தருகே ஐந்து இசைத்தூண்கள். ஒவ்வொன்றும் ஒரே கல்லில் கடைந்த 22 சிறு தூண்களின் கொத்து. ஆயிரங்கால் மண்டபத்தில் இருப்பது 985 தூண்கள். 1569ஆம் ஆண்டு வாக்கில் அரியநாத முதலியார் கட்டியது. அதற்கு மட்டும் ஒரு சிறு கட்டணம் உண்டு, தயங்காமல் கொடுத்துவிட்டுப் போங்கள். அதில் ரதியும் குறத்தியும் இருக்கிற தூண்களுக்கு முன் எவ்வளவு நேரம் நின்றாலும் தகும். செல்போனை உள்ளே விடமாட்டார்கள். வாசலிலேயே கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். படம் எடுக்க முடியாதே என்று வருத்தப்படாதீர்கள். எல்லோர் கையும் சும்மா இருப்பதால் எல்லோர் கண்ணும் வேலை செய்கிற இடம் அது. திருப்பணி நடக்கும் காலங்களில் சில மண்டபங்களுக்குள் விடமாட்டார்கள் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் பார்த்துவிட்டோம் என்று இரவில் போகாமல் இருந்துவிடாதீர்கள். நடை சாத்துவதற்கு முன் பள்ளியறை பூஜை. சொக்கநாதரின் பாதங்களைப் பல்லக்கில் வைத்து, சாமரம் வீசி, நாதஸ்வரத்தோடு மீனாட்சியின் பள்ளியறைக்குக் கொண்டுபோவார்கள். நாள்தோறும் நடக்கிறது, யார் வேண்டுமானாலும் கூடவே நடக்கலாம். மதுரையில் ஒன்றே ஒன்றைத்தான் பார்க்க நேரமிருக்கிறது என்று யாராவது என்னிடம் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். கோயில் அன்னதானத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். பசித்தவர்களின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறோமோ என்று கூசுகிறவர்கள் உண்டியலில் தங்களால் முடிந்ததைப் போட்டுவிட்டு எழுந்து வரலாம். தரிசனம் முடித்து வருகிறவர்களுக்கு 2019லிருந்து லட்டும் கொடுக்கிறார்கள். காலையில் தள்ளுவண்டிப் பருத்திப்பால். பருத்திக்கொட்டையை ஆட்டிப் பிழிந்த பாலில் கருப்பட்டியும் சுக்கும் போட்டுக் கொதிக்க வைத்தது. ஒரு டம்ளர் குடித்தால் பத்து மணி வரை பசி எடுக்காது. சாயங்காலம் முள்ளுமுருங்கை இலையை அரிசியோடு அரைத்துச் சுடுகிற வடை. பச்சை நிறத்தில், மேலே மிளகாய்ப்பொடி தூவி, சூடாகக் கையில் வரும். இது மதுரைக்கு வெளியே லேசில் கிடைக்காது, ஜிகர்தண்டாவுக்கு முன்னால் இதைத்தான் தேட வேண்டும். இரவு இட்லிக்கு, பெயர்ப்பலகை பெரிதாக இல்லாத கடையாகப் பார்த்து, உள்ளே நின்று சாப்பிடுகிறவர்கள் ஊர்க்காரர்களா என்று மட்டும் கவனியுங்கள். ஆட்டோ டிரைவர்களும் சுமை இறக்குகிறவர்களும் இருக்கிற கடையில் சட்னி வகை குறையாது. கறி தோசைக்கு ஒரு நாள் கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்கத்தான் வேண்டும். ஜிகர்தண்டாவுக்கும்தான். சுண்டக் காய்ச்சிய பாலும் கடல்பாசியும் நன்னாரியும் ஐஸ்கிரீமும் சேர்ந்த அந்த டம்ளரை விளக்குத்தூண் பக்கம் நின்று குடித்தால், பிளாக்பர்ன் தூணையும் அதோடு சேர்த்துப் பார்த்துவிடலாம்.

மகாலைப் பற்றிச் சொல்லவில்லையே என்பீர்கள். போங்கள், கட்டணமும் பெரிதில்லை. திருமலை நாயக்கர் 1636ல் கட்டியது. இன்று நிற்பது முழு அரண்மனையில் நான்கில் ஒரு பங்கு அளவுதான். பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது இதைப் பிரித்துப் பலவற்றை எடுத்துப்போனார். மிச்சத்தை 1860களிலும் 70களிலும் நேப்பியர் பிரபு பழுதுபார்த்துக் காப்பாற்றினார். பிறகு நெடுங்காலம் கோர்ட் இதற்குள்தான் நடந்தது. சொர்க்கவிலாசத்தின் நடுவில் நின்றால் யாருக்கும் வாய் பிளக்கும்.

ஆனால் என் மனம் ஒட்டுவது மகாலுக்குச் சற்றுத் தள்ளி, பத்துத்தூண் சந்தில். இதே அரண்மனை வளாகத்தின் இன்னொரு பகுதி அது. கட்டடம் போய்விட்டது, பத்துக் கல்தூண்கள் மட்டும் வரிசையாக நிற்கின்றன. அடியில் மொத்த ஜவுளிக்கடைகள். தூணுக்கும் தூணுக்கும் நடுவே சேலைக்கட்டு, லுங்கிக்கட்டு, டீ டம்ளர்களோடு ஓடுகிற பையன். வேலி இல்லை, வாசல் இல்லை. சித்தி அங்கே நின்று ஒரு தூணைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தபோது கடைக்காரர் ஒருவர், "என்னம்மா பாக்குறீக, ராசா அரமனைத் தூணுதான். மேல பாருங்க, எம்புட்டு ஒசரம்!" என்று வேலையை விட்டுவிட்டு வந்து விளக்கினார். அவருடைய அப்பாவும் அதே தூணடியில் கடை வைத்திருந்தவராம். மகாலுக்குள் விளக்கப் பலகை இருக்கிறது. இங்கே இப்படி ஒரு மனிதர் இருக்கிறார். பக்கத்திலேயே நவபத்கானா தெரு, அரண்மனை முரசு முழங்கிய இடம். அந்தச் சந்துகளில் அரை மணி நேரம் சுற்றினால், கிடைத்த பங்கிலிருந்து காணாமல்போன பங்கின் அளவை உங்கள் காலே அளந்துவிடும்.

மதுரை வெயிலைப் பன்னிரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை எதிர்த்து நிற்க முடியாது, கோயில் நடையும் அப்போது சாத்தியிருக்கும். செலவில்லாமல் நிழல் தேட இரண்டு இடங்கள். ஒன்று காந்தி மியூசியம். ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் 1959லிருந்து இருக்கிறது, அனுமதி இலவசம். சுடப்பட்ட அன்று காந்தி உடுத்தியிருந்த, ரத்தக்கறை படிந்த துணி அங்கே ஒரு தனி அறையில் இருக்கிறது. காலையில் மேலமாசி வீதியில் அந்த வீட்டைப் பார்த்துவிட்டு மதியம் இதைப் பார்த்தால், அன்று முழுக்க வேறு பேச்சு வராது. இன்னொன்று நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். ஆறு மாடி, குளிர்ச்சி, சுத்தமான கழிப்பறை, குடிதண்ணீர். வெளியூரில் சுற்றும் பெண்களுக்குக் கடைசி இரண்டும் எவ்வளவு முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை. மதுரையைப் பற்றிய புத்தகத்தை அங்கே உட்கார்ந்து படித்துவிட்டு, சாயங்காலம் அந்த இடத்துக்கே போகலாம். எனக்கு இதைவிடப் பெரிய சுற்றுலா ஏற்பாடு தேவைப்பட்டதில்லை.

ஒரு காலையை மலைகளுக்கு ஒதுக்குங்கள். சமணர் மலை என்று சொல்லப்படுகிற கீழக்குயில்குடி மலைதான் என் முதல் தேர்வு. அடிவாரத்தில் தாமரைக்குளம், ஆலமரம், ஐயனார் கோயில். அந்தக் குளக்கரையோடு திரும்பி வந்தாலே வந்த காரியம் பாதி முடிந்த மாதிரி. நாங்கள் ஏறப்போனபோது ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி, "எங்கிட்டிருந்து வாறீக?" என்றார்.

"கோயமுத்தூருங்க."

"ஆத்தாடி, அம்புட்டுத் தூரத்துல இருந்தா? வெயிலு ஏறங்குள்ள மேல போயிட்டு வந்துருங்கத்தா. பாறை சுட்டுச்சுன்னா காலு வைக்க முடியாது."

படிகளில் ஏறினால் பேச்சிப்பள்ளம். சுனை ஒன்று, அதன் மேலே பாறைச் சுவரில் வரிசையாகத் தீர்த்தங்கரர் சிற்பங்கள். பார்சுவநாதர் தலைக்கு மேல் பாம்பு படம் எடுத்து நிற்கும். ஒன்பது, பத்தாம் நூற்றாண்டு வேலை. அடியில் வட்டெழுத்தில், செய்வித்தவர் யார் என்று வெட்டியிருக்கிறார்கள். அதில் ஒன்றைச் செய்வித்தவர் குணமதியார். சமண ஆசிரியர் அச்சணந்தியின் தாய். மகன் ஊர் ஊராகப் பாறைகளில் திருமேனி செதுக்க வைத்தவர். அவருக்குத் தாயாக இருந்த ஒரு பெண் இந்த மலையில் தன் பெயரையும் விட்டுவைத்திருக்கிறார். சித்தி அந்தக் கல்லின் முன் நின்று, "அம்மா பேரை எழுதி வெச்சிருக்காங்களே கண்ணு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மலையின் தென்மேற்குப் பக்கம் செட்டிப்புடவு. குகைக்கு வெளியே அமர்ந்த கோலத்தில் பெரிய தீர்த்தங்கரர், உள்ளே விதானத்தில் யானைமேல் வருகிற வீரனோடு சிங்கத்தின் மேலிருந்து போரிடும் பெண் தெய்வம். இரண்டு இடத்துக்கும் கட்டணம் கிடையாது. தண்ணீரும் தொப்பியும் எடுத்துப்போங்கள். இறங்கும்போது பிளாஸ்டிக் பாட்டிலைக் கையோடு கொண்டுவாருங்கள். பாறையில் பெயர் கிறுக்கி வைத்திருக்கிறார்கள் சிலர். குணமதியாரின் எழுத்துக்கு இரண்டு அடி பக்கத்தில் அதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

இன்னொரு நாள் ஒத்தக்கடை வழியாக யானைமலை நரசிங்கம். மலையைக் குடைந்த நரசிங்கப் பெருமாள் கோயில், கல்வெட்டின்படி 770ஆம் ஆண்டு. பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி தொடங்கி, அவர் காலமான பிறகு தம்பி மாறன் எயினன் முன்மண்டபத்தை முடித்தார். திருப்பரங்குன்றத்தைத் தரிசனத்தோடு சேர்த்து அரை நாளில் பார்த்துவிடலாம்.

கீழடிக்கு ஒரு டிக்கெட் வாங்க வேண்டும், பெரியவர்களுக்குப் பதினைந்து ரூபாய் என்று வைத்திருக்கிறார்கள். ஒரு டீக்கும் வடைக்கும் கொடுக்கிற காசு. 2023 மார்ச்சில் திறந்த அந்த அருங்காட்சியகத்தைச் செட்டிநாட்டு வீடு போல முற்றமும் தாழ்வாரமுமாகக் கட்டியிருக்கிறார்கள். தாயக்கட்டைகள், நூல் நூற்கிற தக்களிகள், சுடுமண் உறைகள், பானை ஓடுகள். ஓடுகளில் தமிழி எழுத்தில் குவிரன், ஆதன் என்று பெயர்கள். இங்கே குடியிருந்து தாயம் ஆடி, நூல் நூற்று, தங்கள் பானையில் தங்கள் பெயரைக் கீறிக்கொண்டவர்கள். அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நிற்கும்போது எனக்குப் பெருமாள் மேஸ்திரியும் குணமதியாரும் ஞாபகம் வந்தார்கள். ஊரைக் காட்டுகிறவர்கள் நமக்குச் சொல்வதெல்லாம் திருமலை நாயக்கர், மங்கம்மாள் என்று ஆண்டவர்கள் பெயர்தான். நடந்து பார்க்கிறவர்களுக்கு மற்றவர்களின் பெயரும் கிடைக்கிறது.

சாயங்காலங்களை வண்டியூர்த் தெப்பக்குளத்துக்குக் கொடுத்துவிடலாம். மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளம்தான் குளமாயிற்று, அங்கே தோண்டியபோது கிடைத்தவர்தான் மீனாட்சி கோயில் முக்குறுணி விநாயகர் என்பார்கள். சில ஆண்டுகளாக வைகைத் தண்ணீர் பனையூர்க் கால்வாய் வழியாக வந்து நிறைகிறது. தண்ணீர் நிற்கும்போது போனால் மைய மண்டபமும் வானமும் சேர்ந்து ஆடும். கரை முழுக்க குடும்பங்கள், சுண்டல், பஞ்சுமிட்டாய், சறுக்கு விளையாடுகிற பிள்ளைகள். தைப்பூசத்தன்று தெப்பம்.

இவ்வளவு கணக்குப் பார்க்கிறவளாக ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். எங்கே காசைப் பிடிக்கலாம், எங்கே பிடிக்கக் கூடாது என்று ஒரு கோடு இருக்கிறது. ரூமில் பிடியுங்கள், வண்டியில் பிடியுங்கள். முழம் போட்டு மல்லிகை அளக்கிற அக்காவிடம் ஐந்து ரூபாய் குறைக்கச் சொல்லாதீர்கள். அந்தப் பூவுக்காக அவர் மாட்டுத்தாவணிச் சந்தையில் விடியும் முன் நின்றிருப்பார். தள்ளுவண்டிக்காரரிடமும் வேண்டாம். சுங்குடிச் சேலை வாங்குவதாக இருந்தால் ஒன்றை மட்டும், உண்மையாகக் கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்ததாக வாங்குங்கள். சௌராஷ்டிரர் வீட்டுப் பெண்கள் பல தலைமுறையாகச் செய்துவருகிற வேலை. அச்சடித்த சுங்குடி மலிவாகக் கிடைக்கும். துணியைத் தடவினால் வித்தியாசம் தெரியும், முடிச்சு அவிழ்த்த இடம் சின்னச் சின்னதாகப் புடைத்திருக்கும், புள்ளிகளும் ஒரே அளவில் இருக்காது. விலை அதிகம்தான். சில நாள் ஆட்டோவில் ஏறாமல் நடந்தால் அந்த வித்தியாசம் கைக்கு வந்துவிடும்.

அடுத்து நாங்கள் போவது ஆவணி மூலத் திருவிழாவுக்கு. சித்திரைத் திருவிழா அளவுக்குக் கூட்டம் இருக்காது, ரூம் கிடைக்கும். கூட வர நினைப்பவர்கள் ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள்: பிட்டுக்கு மண் சுமந்த லீலை அன்று சுவாமியும் அம்மனும் ஆரப்பாளையம் பக்கம் புட்டுத்தோப்புக்குப் போய்விடுவதால் கோயில் நடை சாத்தியிருக்கும். நேராகப் புட்டுத்தோப்புக்கே போங்கள். வைகை உடைப்பை அடைக்க வீட்டுக்கு ஒருவர் வர வேண்டும் என்று பாண்டியன் உத்தரவு போட்டபோது, ஆள் இல்லாத வந்திக் கிழவிக்காகச் சொக்கநாதரே கூலியாளாக வந்தாராம். கூலி, அவள் அவித்த புட்டில் உதிர்ந்தது. திருப்பரங்குன்றத்திலிருந்து முருகனும் திருவாதவூரிலிருந்து மாணிக்கவாசகரும் அதைப் பார்க்க வருவார்கள். தோப்புக்கு வெளியே அன்று தெரு முழுக்கப் புட்டு விற்பார்கள். சித்தி இப்போதே லாட்ஜுக்குப் போன் போட்டு, போன தடவை இருந்த அந்த ஜன்னல் ரூமைக் கேட்டு வைத்திருக்கிறார்.